போய்வந்தவரும் ஒரு விசாப் படமும்

பெயர்: அப்துல் சலாம். வயது: ஐம்பத்தெட்டு. சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. தொழில், பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. வெளிநாட்டுப் பயணம்: ஒன்று. இடம் துபாய், காலம் 2009 மார்ச், தங்கியது பதினான்கு நாள், அதில் மூன்று நாள் வயிறு சரியில்லை. எஞ்சிய நாள்களில் பெரும்பகுதியை மைத்துனர் வீட்டு ஏசிக்கு நேரெதிரே போர்வை போர்த்தி அமர்ந்து கழித்ததாக மைத்துனர் தரப்புத் தகவல். அன்று முதல் இன்றுவரை பார்த்துவரும் கௌரவப் பணி: வெளிநாடு செல்வோர் அனைவருக்கும், குறிப்பாக விசாவுக்குப் புகைப்படம் எடுப்போருக்கு, ஆலோசனை.

விவரங்கள் இவ்வளவே. இனி இனத்துக்கு வருவோம்.

வாசகரே, இவர் உங்கள் தெருவிலும் இருக்கிறார். இந்த இனத்துக்கு அறிஞர்கள் இன்னும் பெயர் சூட்டவில்லை என்பதால், வசதி கருதி 'போய்வந்தவர்' என்று வைத்துக்கொள்வோம். போனவர்கள் பலர் உண்டு. வந்தவர்களும் பலர் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் போய்வந்தவர் ஆகிவிட முடியாது. இருபது ஆண்டு ஜித்தாவில் லாரி ஓட்டித் திரும்பியவரிடம் விசாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதெல்லாம் வருஷத்துக்கு ஒருதரம் மாறுவது, ஆபீசில் விசாரித்துக்கொள்வதே நல்லது என்று ஒதுங்கிவிடுவார். இருபது ஆண்டு இருந்தவருக்குச் சந்தேகம் வருகிறது. பதினான்கு நாள் இருந்தவருக்கு வருவதில்லை. மதம், சாதி, வட்டம், மாவட்டம் எதுவும் பாராமல் பரவியிருக்கும் இனம் இது: லப்பைக்குடிக்காட்டில் துபாய் போய்வந்தவர், உடையார்பாளையத்தில் சிங்கப்பூர் போய்வந்தவர், வேப்பந்தட்டையில் மகனின் பட்டமளிப்புக்கு லண்டன் போய்க் குளிருக்குப் பயந்து அறையைவிட்டு வெளியே வராமலே போய்வந்தவர்.

இவருடைய எந்த வாக்கியமும் "நாங்க போனப்ப" என்றுதான் தொடங்கும். போனது தனியாக. இருந்தாலும் பன்மை. விமானத்தில் உடன் வந்த நூற்றெண்பது பேரையும் இன்றுவரை அவர் தம் குடும்பத்தாராகவே கருதிவருகிறார் போலும்.

பயணச்சீட்டைப் பற்றி அவர் ஆலோசனை கூறுவதில்லை. அதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது, தவறினால் வசூலிக்க வருவார்கள். வங்கிக் கணக்கு விவரத்தைப் பற்றியும் கூறுவதில்லை. அதில் படிக்க வேண்டிய பக்கங்கள் உண்டு. புகைப்படம் அப்படியா? கண் இருக்கிறவர் எல்லோரும் பார்க்கலாம். பார்க்கக் கூடியதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் படிப்பு எதற்கு? எனவே நிலைப்படிக்குள் நுழையும் எந்தப் புகைப்படத்தையும் அவர் முதலில் கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே கொண்டுவந்து பார்ப்பார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அந்தத் தாளுக்குப் பின்னால் வேறொரு முகம் ஒளிந்திருப்பதுபோல் பார்ப்பார். கடைசியில் நாக்கால் ஒரு சத்தம் எழுப்பி, "இது ஆவாது" என்பார். ஆனது என்று அவர் ஒப்புக்கொண்ட படம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தைச் செருகிவைக்கும் பணப்பையின் உள்ளறையில் அவர் அதை வைத்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் யாரோ திடீரென்று தட்டைப் போட்டதுபோல் இரண்டு கண்களும் விரிந்து, இரண்டு காதுகளும் முழுதாகத் தெரிய, நாற்பத்து மூன்று வயது அப்துல் சலாம் அதில் வீற்றிருக்கிறார். "இது பாஸான படம்" என்பார். தேர்வு எழுதி, முதல் வகுப்பில் தேறிய படம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கையும், அந்தத் தங்கைக்கு அவசரமாக ஒரு விசாவும் வாய்த்தால் என்ன நடக்கும்?

அதுதான் நடந்தது.

தங்கையின் பெயர் ஹஃபீசா. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் ஃபஹ்மிதா, திருமணமாகிக் கணவருடன் மஸ்கட்டில் இருக்கிறாள், தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வரத்தான் ஏற்பாடு. ஆனால் நஞ்சுக்கொடி இறங்கியிருக்கிறது, விமானம் ஏறக் கூடாது என்று அங்குள்ள மருத்துவர் தடுத்துவிட்டார். மருமகனுக்கோ நாள் பார்த்து விடுப்புத் தராத நிறுவனத்தில் வேலை. மகளால் வர முடியாதென்றால் தாய் போக வேண்டும். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் போக வேண்டும். இவ்வளவே விஷயம். ஜனவரி நடுவில் ஹஃபீசாவும் அவர் அண்ணனும் லப்பைக்குடிக்காட்டில் பயண அலுவலகம் நடத்தும் உபைதிடம் போனார்கள். முன்பே எடுத்துவைத்திருந்த கடவுச்சீட்டை உபைத் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு படம் மட்டும் வேண்டும், வெள்ளைப் பின்னணி, முகம் தெளிவாக, கம்ப்யூட்டரில் எந்தத் திருத்தமும் செய்யாமல் என்று சொல்லத் தொடங்கினான்.

"படத்தை என்கிட்ட வுடு" என்று அப்துல் சலாம் எழுந்துவிட்டார். உபைதின் வாக்கியத்தில் பாதி இன்னும் பாக்கியிருந்தது.

மறுநாளே தங்கையைப் பெரம்பலூருக்கு அழைத்து வந்தார். கோகுலகிருஷ்ணனின் ஸ்டுடியோ, அவர் கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஹஃபீசா வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் கரும்பச்சை முக்காட்டோடு வந்து நின்றார். அதைப் பார்த்ததும் அப்துல் சலாமின் முகம் மாறியது. இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் முன்னால் போய் நிற்கப்போகிற முகம். கோழிக்கறி வாங்கப் போகிற துணியிலா போய் நிற்பது? கல்யாணத்துக்கும் மவுத்து நடந்த துக்க வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவரச் சொல்லி அவரை அடுத்த பஸ்ஸில் ஊருக்கே திருப்பி அனுப்பினார். வெள்ளைத் துப்பட்டி வந்தது. வெள்ளைத் திரை விரிக்கப்பட்டது. அடுத்து காதுப் பிரச்சினை எழுந்தது: அவருடைய பாஸான படத்தில் இரண்டு காதும் தெரிகின்றன, ஆகவே இதிலும் தெரிய வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர் முக்காடு போட்டிருக்கவில்லை என்ற வேறுபாடு அவருடைய வாதத்தைச் சிறிதும் பலவீனப்படுத்தவில்லை. காதை வெளியே விடுவதில்லை என்று ஹஃபீசா உறுதியாக நின்றதால், காது இருக்கும் இடம் ஊகிக்கத்தக்க வகையில் துப்பட்டியை இறுக்கிக் கட்டுவது என்று சமரசம் ஏற்பட்டது.

கோகுலகிருஷ்ணன் தம் தொழில்மரபுப்படி தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார், தலையை லேசாகச் சாய்க்கச் சொன்னார், கடைசி நொடியில் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். படம் விழுந்தது. வெள்ளையின் மேல் வெள்ளை. தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று படைத்தவனுக்கே தெரியும். நடுவில் ஒரு முகம் மட்டும், நாள்காட்டியை மாட்டியதுபோல், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்துல் சலாம் கையை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். வாழ்நாளில் இரண்டாவது முறையாக, "ஆவும்" என்றார்.

நாள்கள் சென்றன. பதில் வந்தது: தலையின் எல்லை தெரியவில்லை, வேறு படம் அனுப்பவும்.

இப்போது நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அவர் தலையைக் குனிவார் என்றா? இந்த இனத்துக்குக் கழுத்தில் அந்த எலும்பு கிடையாது. லைட்டு பத்தவில்லை என்று தாம் அன்றைக்கே நினைத்ததாகவும், தொழில் செய்கிறவர் மனம் நோகுமே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டதாகவும் அவர் தங்கையிடம் விளக்கினார். ஆகவே அடுத்த படத்துக்கு இரண்டு காரியங்கள் தேவை: வெளிச்சம் அதிகம், திருத்தம் அதிகம்.

இரண்டாம் முறை போனபோது ஸ்டுடியோவில் முன்பே ஒருவர் அமர்ந்திருந்தார். உடையார்பாளையத்துப் பஞ்சநாதன், நிலபுலம் உள்ளவர், அக்காள் மகனுக்குப் படம் எடுக்கப் பெரம்பலூர் வந்தவர். மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போய்வந்தவர். ஒரே உறைக்குள் போடப்பட்ட இரண்டு கத்தரிக்கோல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதை நீங்கள் கண்டதில்லை என்றால், அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். முதலில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு பணப்பைகள் திறந்தன. இரண்டு பாஸான படங்களும் மேசைமேல் அருகருகே வைக்கப்பட்டன. ஒன்றில் பல் லேசாகத் தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை. அவ்வளவுதான், அறிவுலகம் இரண்டாகப் பிளந்தது. லேசாகச் சிரித்தால்தான் நல்ல மனிதர் என்று நம்பி உள்ளே விடுவார்கள் என்பது பஞ்சநாதன் கட்சி. சிரித்தால், என்னமோ ஒளித்துக் கொண்டுவருகிறார் என்று தனியறைக்கு அழைத்துப்போவார்கள் என்பது அப்துல் சலாம் கட்சி. சிங்கப்பூரின் சட்டம், துபாயின் சட்டம், அங்கே ஒருவர் பட்ட பாடு, இங்கே ஒருவர் அழுத அழுகை என்று விவாதம் நீண்டுகொண்டே போக, நான்கு விளக்குகளுக்கு அடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஹஃபீசாவின் நெற்றி வேர்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, நான் போறது மஸ்கட்டு."

இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பகை மறந்து, ஒரே மாதிரியான இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"பொம்பளைங்களுக்கு எல்லாம் ஒரே ஊருன்னு நெனப்பு" என்றார் பஞ்சநாதன்.

"நீ பேசாம லைட்டைப் பாரு ஹஃபீசா" என்றார் அப்துல் சலாம்.

உதட்டின் ஒரு பாதி சிரிப்பது, மறுபாதி சிரிக்காமல் இருப்பது என்று முடிவாகிப் படம் எடுக்கப்பட்டது. அதன்பின் கோகுலகிருஷ்ணன் கம்ப்யூட்டரின் முன்னால் அமர்ந்தார். தம் கடைக்குள் வந்த எந்த முகத்தையும் வந்தபடியே திருப்பி அனுப்பியதில்லை என்பது அவருடைய தொழில் கௌரவம். இங்கே திருமண வரனுக்கு எடுத்தாலும், தேர்வு நுழைவுச்சீட்டுக்கு எடுத்தாலும், காலமானார் அறிவிப்புக்கு எடுத்தாலும், முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கித்தான் கொடுப்பார். அப்படிக் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். கண்ணுக்குக் கீழிருந்த கருமை போயிற்று. தாடைச் சதை போயிற்று. இந்த முறையும் வெள்ளையாகவே இருந்த துப்பட்டியை, முன்பு சுவரோடு கலந்துவிட்டதே என்று கம்ப்யூட்டரிலேயே பச்சையாக்கச் சொன்னார் அப்துல் சலாம், அது கிளிப்பச்சையாயிற்று. ஹஃபீசாவின் இடது கன்னத்தில் மிளகளவு ஒரு மச்சம் உண்டு, பிறந்த நாள் தொட்டு உண்டு, கடவுச்சீட்டிலும் உண்டு. அழுக்கு என்று நினைத்துக் கோகுலகிருஷ்ணன் அதைத் துடைத்துவிட்டார். திரையில் தோன்றியவர், ஹஃபீசாவுக்கு ஒரு தங்கை பிறந்து நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ அப்படி இருந்தார்.

"இப்பதான் ஆளு மாதிரி இருக்கு" என்று அப்துல் சலாம் மகிழ்ந்தார்.

நாள்கள் சென்றன. பதில் வந்தது: படத்தில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒருவராகத் தெரியவில்லை.

சாதாரண மனிதர் இங்கே கோகுலகிருஷ்ணனிடம் சண்டைக்குப் போயிருப்பார். அப்துல் சலாம் சாதாரண மனிதர் அல்லர். இரவெல்லாம் யோசித்து, சுபுஹு தொழுகைக்குப் பின் தங்கை வீட்டுக்கு வந்து, கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். விசாப் படம் சரியாகத்தான் இருக்கிறது. கடவுச்சீட்டுப் படம்தான் தப்பு. அதை மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். தங்கையின் கணவர் இறந்த நாளிலிருந்து அவள் வீட்டின் ஓட்டைக் குழாய்வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவர். இரண்டு முறையும் கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்தார். அன்பில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் ஹஃபீசா எப்போதோ விசா வாங்கியிருப்பார்.

அன்று மாலை ஃபஹ்மிதா போனில் அழைத்தாள். வலி வந்து வந்து போகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் உடன் வருவது யார் என்று கேட்டார்கள், என்ன பெயரை எழுதட்டும் என்றாள். கடவுச்சீட்டு மாற்றுகிற திட்டத்தை ஹஃபீசா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, மாமா பெரிய மனுஷர், நான் ஒண்ணும் சொல்லல. மாமா இல்லாம ஒரே ஒரு படம் எடும்மா."

ஹஃபீசா ஆயுளில் அண்ணனை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. மறுநாள் காலை அண்ணனிடம், கடவுச்சீட்டை மாற்றுவதற்கு என்னென்ன வேண்டும் என்று திருச்சியில் போய் நேரில் விசாரித்து வர முடியுமா, உங்களைத் தவிர வேறு யாருக்கு அது விளங்கும் என்று கேட்டார். அப்துல் சலாமின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் ஆயிற்று. இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பாஸான படம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப்பார்த்துக்கொண்டு, அவர் பெரம்பலூர் போய்த் திருச்சி பஸ் ஏறினார். அவர் தலை மறைந்ததும் ஹஃபீசா கரும்பச்சை முக்காட்டைப் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினார்.

அரியலூரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய கடை. உள்ளே ஒரு பெண், காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டையை நிறுத்தாமலே ஸ்டூலைக் காட்டினாள். நிறுத்தாமலே படத்தை எடுத்தாள். தாடையை இறக்கச் சொல்லவில்லை. தலையைச் சாய்க்கச் சொல்லவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்ற உலகப் பிரச்சினை எழவே இல்லை. முகத்தை வெளுப்பாக்கவும் மச்சத்தைத் துடைக்கவும் அவளுக்கு அன்று நேரமில்லை. சண்டை முக்கியமான கட்டத்தில் இருந்தது. படம் அங்கிருந்தே உபைதின் போனுக்குப் போயிற்று. கலைக்கு அக்கறையின்மை ஆற்றியிருக்கும் தொண்டுகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஆனால் இரண்டு படங்கள் தின்றுவிட்ட நாள்களை மூன்றாவது படத்தால் திருப்பித் தர முடியாதல்லவா? விசா வருவதற்கு முன்னால் குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர், ஃபஹ்மிதாவின் பக்கத்து வீட்டு மலையாளப் பெண்மணி. உடன் வருபவர் பெயராக எழுதப்பட்டதும் அவர் பெயர்தான். ஹஃபீசா பேத்தியைப் போனில் பார்த்தார். படம் நின்று நின்று வந்தது. கன்னத்தில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டார், தெளிவாகத் தெரியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து அப்துல் சலாம் அரைக் கிலோ இனிப்போடு உபைதின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். இனிப்பு, பேத்தி பிறந்ததற்கு. வந்த காரியம், கடவுச்சீட்டு மாற்றத்துக்குத் திருச்சியில் திரட்டிய தகவல்களை ஒப்படைப்பது. உபைதின் கம்ப்யூட்டர் திரையில் ஹஃபீசாவின் முகம் இருந்தது. கரும்பச்சை முக்காடு, கன்னத்தில் மச்சம், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. அப்துல் சலாம் இனிப்புப் பெட்டியை வைத்தார். எட்டி நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருகே போய்ப் பார்த்தார். காது எங்கே? இருட்டான துணி. அழுதுவிட்டு வந்தவர் மாதிரி முகம். நாக்கு சத்தம் எழுப்பியது.

"இது ஆவாது தம்பி. அனுப்பிக்கினுப்பி வச்சிடாத."

"சாச்சா, நீங்க பாக்குறது விசா. காலையில வந்துருச்சு. அதுல இருக்குற படம்தான் அது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்துல் சலாம் கண்ணாடியைப் போட்டார். மறுபடி கழற்றினார். ஒரு மனிதர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான் போலும். அதையும் அவர் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

"பச்சைத் துணின்னு கோகுலகிருஷ்ணன்கிட்ட சொன்னதே நான்தானே" என்றார். "நாங்க சொன்னா யாரு கேக்குறா?"

உபைத் ஓர் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். விசாவின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, தங்கையின் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, அப்துல் சலாம் தம் பணப்பையில் இரண்டாவது பாஸான படமாகச் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் கத்தாருக்குப் போகவிருந்த மதார் என்ற இளைஞனுக்கு, பச்சைச் சட்டை போட்டு எடுத்தால்தான் பாஸாகும் என்று அவர் சொன்னதாகவும், அந்தப் பையன் உடனே பச்சைச் சட்டை வாங்கப் போனதாகவும் அறிகிறோம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒரு சின்ன சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிட்டுச் சிரியுங்கள். ஏதோ ஓர் அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பம் ஒரே நாளில் முடிந்துவிட்டதே, அதை அன்றிலிருந்து எத்தனை பேரிடம் வழிமுறையாகச் சொல்லிவருகிறீர்கள்? வரிசையில் முன்னால் நின்றவரின் தாளை எட்டிப் பார்த்து, நாக்கால் ஒரு சத்தம் எழுப்பியதுண்டா? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, மஸ்கட்டுக்கு நடைமுறை அப்படி இல்லையே, நாங்கள் போனபோது வேறு மாதிரி அல்லவா கேட்டார்கள் என்று உதடு அசைந்ததா? அசைந்திருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பணப்பையின் உள்ளறையை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, ஹஃபீசா மஸ்கட்டில் இறங்கினார். பேத்தியின் வயது: ஒன்பது நாள்.